பீரில் பிராந்தி கலக்கலாமா?

"பீர் என்ன பெரிய மதுவா? வெறும் பார்லித் தண்ணீர்தானே!" என்று சொல்லுகிறவர்கள் பலர்.

அவர்களே, கொஞ்ச நேரம் கழித்து, "பீர் போதவில்லை" என்று அதில் பிராந்தியை ஊற்றுகிறார்கள். விடுமுறை நாள், வந்த விருந்தாளி, வீட்டு மொட்டை மாடி! இவை போதும். கலவை தயார்.

குடிக்காமல் இருப்பதே நல்லது. இதில் நமக்குச் சந்தேகம் இல்லை. உடலுக்குக் கேடு செய்யாத அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டில் சொல்லிவிட்டது.

ஆனால், "குடிக்காதே" என்று மட்டும் எழுதினால், குடிக்கிறவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அவருடைய மனைவி மக்களுக்கு அதனால் என்ன பயன்? ஆகவே, கணக்கைச் சொல்லுகிறோம்.

புட்டிக்குள் என்ன?

போதை தருவது சாராயச் சத்து. ஆங்கிலத்தில் ஆல்கஹால் என்பார்கள். அது எவ்வளவு இருக்கிறது என்று புட்டியின் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

பிராந்தியில் பெரும்பாலும் 100-க்கு 42.8 பங்கு. ஆகவே, 60 மில்லி பிராந்தியில் இருப்பது சுமார் 26 மில்லி சாராயச் சத்து. 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி.

பெரிய பீர் புட்டி 650 மில்லி. சாதாரண பீர் 100-க்கு 5 பங்கு என்றால், சத்து 32 மில்லி. "ஸ்டிராங்" பீர் 8 பங்கு என்றால், 52 மில்லி!

அதாவது, ஒரு ஸ்டிராங் பீர் குடித்தவர், 60 மில்லி பிராந்தியை இரண்டு முறை குடித்தவருக்குச் சமம். இதுவா பார்லித் தண்ணீர்?

வேகம்தான் ஆபத்து

பிராந்தி தொண்டையை எரிக்கும். ஆகவே, மெல்ல மெல்லக் குடிப்பார்கள். பீர் குளிர்ச்சியாக இருக்கும். மடமடவென்று குடிப்பார்கள்.

இரண்டையும் கலந்தால் என்ன ஆகிறது? எரிச்சல் குறைந்துவிடுகிறது. பிராந்தியைப் பீரின் வேகத்தில் குடித்துவிடுகிறார்! "இரண்டே டம்ளர்தான்" என்று அவர் சொல்லுவது பொய் அல்ல. டம்ளரை எண்ணினார், உள்ளே போன சத்தை எண்ணவில்லை.

"முதலில் பீர், பிறகு பிராந்தி என்று குடித்தால் தலைவலி வராது" என்று ஒரு பேச்சு உண்டு. இதைத் தலைகீழாகச் சொல்லுகிறவர்களும் உண்டு. ஜெர்மனியில் 90 பேருக்குப் பீரையும் ஒயினையும் முன்னும் பின்னுமாக மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். வரிசையை மாற்றியதால் மறுநாள் வேதனை குறையவில்லை. இந்த ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. பிராந்திக்கு மட்டும் வேறு நியாயம் இருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை.

ஒரு ஸ்டிராங் பீரும் ஒரு குவார்ட்டரும் சேர்த்துக் குடித்தவர் வயிற்றில் 129 மில்லி சாராயச் சத்து. கல்லீரல் மணிக்குச் சுமார் 10 மில்லியைத்தான் எரிக்கும். இரவு 10 மணிக்கு முடித்தவர், மறுநாள் காலை 8 மணிக்கும் முழுவதும் தெளிந்திருக்கமாட்டார். காப்பி, மோர், பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. அந்த நிலையில் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிறாரே, அதுதான் கொடுமை! 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம்.

குடித்தே தீருவேன் என்பவர் கலக்காமல் குடிக்கட்டும். கலந்தே தீருவேன் என்றால், கண்மதிப்பில் ஊற்றக்கூடாது; அளந்து ஊற்றவேண்டும். அளந்ததும் புட்டியை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடவேண்டும். முதலில் சாப்பாடு, பிறகுதான் டம்ளர். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தொடவே கூடாது. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவரும் அப்படியே.

மிச்சம் வைத்த டம்ளரை இரவே கழுவுங்கள். காலையில் குழந்தை அதைக் கலர் என்று நினைத்துக் குடித்துவிடலாம். குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி, உயிருக்கே ஆபத்து வரும்.

எழுப்பினால் எழவில்லையா?

"தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். குடிப்பதை நிறுத்திய பிறகும், வயிற்றில் உள்ள மது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால், அது மூச்சுக் குழாயை அடைத்துவிடும்.

ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பக்கத்திலேயே ஒருவர் இருங்கள். எலுமிச்சம்பழச் சாறு, மோர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள்.

தட்டி எழுப்பியும் விழிக்கவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடல் சில்லிட்டுவிட்டது – இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார், மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். காலிப் புட்டிகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.