பால் பாக்கெட் வாங்கக் கார் வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் பிரித்தால் வில்லா, வீட்டு மனை விளம்பரங்கள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. பைபாஸ் ஐந்து நிமிஷம், ஆஸ்பத்திரி பத்து நிமிஷம், கோயம்புத்தூர் விமான நிலையம் ஒரு மணி நேரம் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். எல்லாம் காரில் போகும் கணக்கு. பால் வாங்கும் கடைக்கு நடந்து போனால் எத்தனை நிமிஷம் என்று எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. நம் சங்கக் குடும்பங்களில் பலருடைய பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு, ஓய்வு பெற்ற அப்பா அம்மாவுக்காகப் பாலக்காட்டைச் சுற்றி இப்படிப்பட்ட காலனிகளில் வீடு வாங்கித் தருகிறார்கள். ஆகவே இந்தக் கேள்வியை நமது மலரில் எழுப்புவது பொருத்தம்தான்.

நான் ரயில்வேயில் ஒர்க்ஸ் பிரிவில் வேலை பார்த்தவன். குவார்ட்டர்ஸ், சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்டுச் சுவர் என்றே முப்பத்தைந்து வருஷங்கள் போயின. ரயில்வே காலனிகளைப் பற்றிப் பெருமை பேச நிறைய இல்லை. கூரை ஒழுகும், குழாய் அடைக்கும், மனு கொடுத்தால் ஆறு மாதம் ஆகும். ஆனால் ஒரு விஷயத்தில் பழைய ரயில்வேக்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஷிப்டு முடிந்து வருகிறவன் வீட்டுக்குப் போகும் வழியிலேயே கடை இருக்க வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்த பணிமனையை 1928 வாக்கில் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுவந்தபோது காலனியும் கூடவே எழுந்தது. பொன்மலைச் சந்தை இன்றும் பேர் பெற்றது. நம் ஒலவக்கோட்டிலும் அப்படித்தான். குவார்ட்டர்ஸிலிருந்து வெளியே வந்தால் ஸ்டேஷன், ஸ்டேஷனை விட்டு வந்தால் ஜங்ஷன் கடைத்தெரு. அரிசியும் மருந்தும் வாங்க அங்கே யாரும் வண்டியைக் கிளப்பியதில்லை.

கல்பாத்தியைச் சொல்லாமல் இருந்தால் நம்மவர்கள் கோபித்துக்கொள்வார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசை, நடுவே தெரு, தெருவின் தலையில் கோயில், வாசலிலேயே கீரைக்காரி. நடப்பதற்கு அதைவிட நல்ல அமைப்பு இன்றைய இன்ஜினியர் போட்டாலும் வராது. ஆனால் அந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்பதற்கே ஒரு காலத்தில் சண்டை நடந்தது. 1924-ல் தேர்த் திருவிழாவின்போது ஈழவர்கள் உள்ளே நடந்ததற்காகப் பெரிய கலகம் ஆனது. சென்னைச் சட்டசபை வரை பேச்சு போனது. பழைய தெருவைப் புகழும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இன்றைய காலனி வாசல்களில் நிற்கும் செக்யூரிட்டியைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவு வருவதுண்டு.

இப்போது நான் குடியிருக்கும் காலனிக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். நல்ல சாலை, நல்ல விளக்கு, பூங்கா, குழந்தைகளுக்கு ஊஞ்சல். பின்பக்கச் சுவருக்கு அந்தப் புறம் ஊராட்சிச் சாலை. அதில் ஒரு மளிகைக் கடை, ஒரு மில்மா பூத், ஒரு மருந்துக் கடை. எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் ஒரு மாமி தனியாக இருக்கிறார். எண்பது வயதை நெருங்குகிறார். பையன் மஸ்கட்டில். அவர் வாசலிலிருந்து அந்த மளிகைக் கடைக்கு நேர்கோட்டில் 180 மீட்டர். நான் அளந்து பார்த்தேன், பழக்கதோஷம். ஆனால் சுவரில் வழி கிடையாது. முன்வாசல் வழியாகச் சுற்றிப் போனால் 1,350 மீட்டர். அந்த வயதில் நிமிஷத்துக்கு 60 மீட்டர் நடந்தால் அதிகம். அதாவது மூன்று நிமிஷத்தில் போகவேண்டிய கடைக்கு இருபத்திரண்டு நிமிஷம். திரும்பி வர இன்னொரு இருபத்திரண்டு, கையில் பையோடு. வழியில் நடைபாதையும் இல்லை, லாரி போகும் சாலை.

மாமி என்ன செய்கிறார்? வாட்ச்மேனிடம் பணம் கொடுத்து அனுப்புகிறார். அவன் டியூட்டி மாறினால் அடுத்தவனிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். தான் கேட்டது புழுங்கலரிசி, வந்தது வேறு என்றாலும் வாங்கி வைத்துக்கொள்கிறார். நாற்பது வருஷம் ஒரு குடும்பத்தை நடத்தியவர், கத்திரிக்காயைக் கையால் தொட்டுப் பார்த்து வாங்க முடியவில்லை. அவருக்குக் காலில் வலி உண்டு, உண்மை. ஆனால் மூன்று நிமிஷம் நடக்கக்கூடிய கால்தான் அது.

சுவரில் நான்கு அடி அகலத்தில் ஒரு சின்ன கேட் வைத்தால் தீர்ந்தது என்று குடியிருப்போர் கமிட்டியில் எழுதிக் கொடுத்தேன். பாதுகாப்பு போய்விடும், கண்டவர்கள் உள்ளே வருவார்கள், மனை விலை குறையும் என்று பதில் வந்தது. இந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. தனியாக இருக்கும் வயதானவர்கள்தானே அதிகம். ஆனால் காலையில் திறந்து இருட்டியதும் பூட்டும் கேட்டை உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள். ரயில்வேயில் எனக்கு ஒரு அனுபவம். ஒரு ஸ்டேஷன் காலனியில் கடைத்தெருப் பக்கம் சுவரை யாரோ இடித்துக்கொண்டே இருந்தார்கள். மூன்று தடவை கட்டினோம், மூன்று தடவையும் அதே இடத்தில் ஓட்டை. நாலாவது எஸ்டிமேட் போட்டபோது மேலதிகாரி நேரில் வந்து பார்த்தார். ஓட்டைக்கு இரண்டு பக்கமும் புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. ‘இங்கே சுவர் வேண்டாம், மாடு நுழையாதபடி வளைந்து போகும் கேட் வை’ என்றார். அதற்குப் பிறகு அந்தச் சுவரில் ஒரு செங்கல்கூட விழவில்லை.

கணக்கு ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெர்ரி என்பவர் 1929-லேயே ஒரு குடியிருப்புப் பகுதி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று எழுதிவிட்டார்: நடுவில் பள்ளிக்கூடம், ஓரச் சந்திப்புகளில் கடைகள், நடை தூரம் சுமார் கால் மைல், அதாவது 400 மீட்டர். சண்டிகர் நகரத்தை வரைந்தபோது லெ கார்பூசியே ஒவ்வொரு செக்டருக்கும் 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் என்று அளவு வைத்தார். செக்டரின் நடுவே ஒரு கடைத்தெரு குறுக்கே போகிறது. அந்தத் தெருவுக்கு எந்த வீட்டிலிருந்தும் 600 மீட்டருக்கு மேல் போகாது. பெரிய சாலையைக் கடக்கவும் வேண்டாம். சண்டிகரைப் பற்றி எத்தனையோ குறை சொல்கிறார்கள், நானும் சொல்வேன். ஆனால் அங்கே காய்கறிக் கடை வரைபடத்திலேயே இருக்கிறது. நம் ஊரில் வரைபட அனுமதிக்குப் போனால் சாலை அகலம் கேட்பார்கள், மழைநீர் கேட்பார்கள், பூங்காவுக்கு இடம் கேட்பார்கள். கடைக்கு நடக்கும் தூரத்தை யாரும் கேட்பதில்லை.

மூணாறு, பீர்மேடு பக்கத்து அன்பர்கள் இதைப் படித்துவிட்டு, ‘எங்களுக்கு வில்லாவும் இல்லை, பைபாஸும் இல்லை, இது பாலக்காட்டுக்காரர் கவலை’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தோட்டத்து லயமும் திட்டமிட்ட குடியிருப்புதான். கம்பெனி வரைபடம் போட்டு, எந்த மேட்டில் எத்தனை வீடு என்று தீர்மானித்துக் கட்டியது. எதை வைத்துத் தீர்மானித்தார்கள்? பெரட்டுக்கும் தேயிலைக் காட்டுக்கும் நடக்கும் தூரத்தை வைத்து. வேலைக்குப் போகும் வழி குறுக்கு வழி. கடைக்குப் போகும் வழி? குண்டளைப் பக்கத்திலிருந்து மூணாறு கடைத்தெரு சுமார் 20 கிலோமீட்டர்.

1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் பாருங்கள். 150 தொழிலாளர் இருந்தால் கேன்டீன், 50 பெண்கள் இருந்தால் பிள்ளைக் காப்பகம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 25-க்கு மேல் இருந்தால் படிக்க வசதி, குடியிருக்க வீடு என்று எழுதினார்கள். குடையும் கம்பளியும் கொடுப்பதைப் பற்றிக்கூட எழுதினார்கள். கடையைப் பற்றி ஒரு வரி இல்லை. பிறகு 2020-ம் வருஷத் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அந்தச் சட்டம் போய்விட்டது. லயத்து முனையில் யாராவது திண்ணையில் வைத்த சின்னக் கடைதான் கதி. அங்கே விலை கூட, கணக்கு நோட்டில் கடன் கூட. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்குக் கூலி கொடுத்து டவுனுக்குப் போய் மாதச் சாமான் வாங்கிவந்தவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர். ஒரு காலத்தில் அந்த மலையில் எங்கள் இனத்து வண்டியும் ஓடியது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1902-ல் ஒற்றைத் தண்டவாளமாக ஆரம்பித்து, 1908-ல் சின்ன ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷன் வரை போய்த் தேயிலையை ரோப்வே வழியாகப் போடிப் பக்கம் இறக்கியது. 1924-ல், மலையாளத்துக்காரர்கள் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று சொல்லும் அந்த மழையில், தண்டவாளத்தோடு போய்விட்டது. மறுபடி கட்டவில்லை.

லயத்தை இவ்வளவு தூரம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 12 தொழில் நகரங்களுக்கு அனுமதி கொடுத்தது. அதில் ஒன்று நம் பாலக்காட்டில், கஞ்சிக்கோட்டை ஒட்டிய புதுசேரியில் (பிரெஞ்சுக்காரர் ஊர் அல்ல, நம் புதுசேரி). 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். வேலைக்கு நடந்தே போகும்படி நகரம் அமையும் என்று அறிவிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேலைக்கு நடந்து போகும் ஊரை நம்மவர்கள் மூணாறில் நூறு வருஷத்துக்கு மேல் பார்த்தாயிற்று. தொழிற்சாலைக்கு நடந்து போகிறவன் மனைவி சர்க்கரைக்கும் சோப்புக்கும் எங்கே போவாள், அவன் அம்மா மாத்திரைக்கு எங்கே போவாள் என்பது தனிக் கேள்வி. அதற்கு இப்போதே பதில் எழுதிவாங்காவிட்டால், பிறகு ஆட்டோ ஸ்டாண்டுதான் பதில்.

அந்தப் பகுதியின் அமைப்பும் கொஞ்சம் பொல்லாதது. ஒரு பக்கம் 544-ம் எண் தேசிய நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் கோயம்புத்தூர் ரயில் பாதை. கடை எதிரே தெரியும், போக முடியாது. ரயில் பாதைக்கு நடைமேம்பாலம் போடலாமே என்பார்கள். மின்சாரக் கம்பிக்கு மேலே போக வேண்டுமானால் தரையிலிருந்து ஏறக்குறைய ஆறரை மீட்டர் ஏற வேண்டும். 15 சென்டிமீட்டர் படியானால் 43 படி ஏறி 43 படி இறங்க வேண்டும். அரிசிப் பையோடு எந்தப் பாட்டி ஏறுவாள்? சக்கர நாற்காலிக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்று சரிவு வைத்தால், ஒரு பக்கத்துக்கே 78 மீட்டர் சரிவுப் பாதை வேண்டும். அதனால்தான் ஜனங்கள் தண்டவாளத்தைத் தாண்டுகிறார்கள். தாண்டியவர்களை எடுக்கப் போனவர்களில் நானும் உண்டு. அதை எழுத மனம் வரவில்லை. சுரங்க நடைபாதை என்றால் ஏற்ற இறக்கம் ஏறக்குறையப் பாதிதான். மழைத் தண்ணீர் தேங்கும், பம்ப் வைத்துப் பராமரிக்க வேண்டும். அது செய்யக்கூடிய காரியம். எல்லாவற்றையும்விட மலிவு, இரண்டு பக்கமும் கடை இருக்கும்படி முதலிலேயே மனை ஒதுக்குவது.

‘சார், போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே வருகிறதே’ என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பெங்களூரில் வரும். லயத்துக்கும் எங்கள் காலனிக்கும் அப்படி வருவதில்லை. வந்தாலும், மாமிக்கு அந்தப் போனைத் தட்டத் தெரியாது. தெரிந்தாலும் கடைக்காரரிடம் நாலு வார்த்தை பேசுவது அதில் வராது. 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். இந்திய மாநிலங்களில் இதுவே அதிகம். இப்போது இன்னும் கூடியிருக்கும். இப்படிப்பட்ட மாநிலத்தில் கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு மட்டும் காலனி கட்டுவது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்கு விளங்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை. 2023-ல் கேரள அரசு ரேஷன் கடைகளைக் கே-ஸ்டோர் ஆக்கத் தொடங்கியது. மில்மா பொருள், சின்ன கேஸ் சிலிண்டர், வங்கிச் சேவை எல்லாம் ஒரே கடையில். லயங்களுக்கு நடுவில் அப்படி ஒன்றைக் கேட்கலாம். நடைபாதைக்கு 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸின் விதிமுறை இருக்கிறது. நடைபாதை ஜனங்களின் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் அடங்கியது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. காகிதம் நம் பக்கம் இருக்கிறது. எழுதிக் கேட்க ஆள்தான் வேண்டும்.

புதுசேரித் திட்டத்துக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு மனு தயாரித்திருக்கிறேன். அதில் கேட்டிருப்பது அதிகமில்லை: எந்த வீட்டு வாசலிலிருந்தும் 400 மீட்டர் நடையில், நேர்கோட்டில் அல்ல, நடக்கும் வழியில் அளந்து, ஒரு மளிகைக் கடைக்கும் ஒரு மருந்துக் கடைக்கும் மனை குறிக்க வேண்டும், அங்கே போகும் பாதையில் சுவர் வந்தால் அதில் கேட் வரைந்திருக்க வேண்டும். மூணாறு அன்பர்கள் தங்கள் எஸ்டேட்டிலிருந்து கடைக்கு எத்தனை தூரம், ஜீப்புக்கு எவ்வளவு கூலி என்று எழுதி அனுப்பினால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன். அடுத்த பொதுக்குழுவுக்கு வரும்போது கையெழுத்துக்குப் பேனா கொண்டுவாருங்கள். எங்கள் காலனிக் கமிட்டி அன்பர் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு நாற்காலியும் அளவு நாடாவும் தயாராக இருக்கும்.