எத்தனை கிலோமீட்டர் உழைக்கும்?

நம் சங்கத்து விழாக்களின்போது வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்தாலே புனேயில் நம் குடும்பங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்பது புரியும். சின்னக் காரில் ஐந்தாறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு வந்து இறங்கிய காலம் போய், இன்று ஸ்லாவியா, வெர்ட்டுஸ், ஆக்டேவியா என்று வேகத்துக்குப் பெயர்போன செடான்கள் வரிசையாக நிற்கின்றன. மகிழ்ச்சிதான். உழைத்துச் சம்பாதித்த பணம், ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். ஆனால் நான்கைந்து வருடம் ஓடி டயர் மாற்றும் வேளை வந்துவிட்டால், இவ்வளவு செலவழித்து வண்டி வாங்கியவர்கள் அத்தனை பேரும் கடையில் போய் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எந்த டயர் அதிக கிலோமீட்டர் உழைக்கும்?"

இந்தக் கேள்வியோடு எனக்குச் சண்டை உண்டு.

அம்பாசிடர், பியட் காலத்தில் அது நியாயமான கேள்விதான். அன்று வண்டி ஓடியது அறுபது, எழுபது வேகத்தில். டயருக்குள் ட்யூப். பட்டன் தேய்ந்தால் ரீட்ரெட் செய்து மறுபடியும் மாட்டிக்கொண்டோம். இன்று வெர்ட்டுஸின் 1.5 லிட்டர் எஞ்சின் 150 குதிரைசக்தியை முன் சக்கரங்கள் இரண்டின் வழியாகவே தரையில் இறக்குகிறது. எக்ஸ்பிரஸ்வேக்களில் கார்களுக்கான உச்ச வேகத்தை மத்திய அரசு 2018-ல் 120 கி.மீ. ஆக உயர்த்தியது. அந்த வேகத்தில் வண்டிக்கும் சாலைக்கும் உள்ள தொடர்பு, டயருக்கு ஓர் உள்ளங்கை அகல ரப்பர். ஆக மொத்தம் நான்கு உள்ளங்கை. ஏ.பி.எஸ்., ஆறு ஏர்பேக் என்றெல்லாம் பட்டியல் பார்த்து வாங்குகிறோமே, அந்த ஏ.பி.எஸ். செய்வதெல்லாம் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான். வண்டியை நிறுத்துவது டயர்.

ரப்பர் கெட்டியாக இருந்தால் மெதுவாகத் தேயும். ஈரத் தரையில் பிடி குறையும். மென்மையாக இருந்தால் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இந்த இழுபறியை ஓரளவு தளர்த்தியது சிலிக்கா கலந்த ரப்பர். மிஷ்லின் நிறுவனம் 1992-ல் அதைக் கொண்டுவந்தது. இன்று எல்லா நல்ல நிறுவனங்களும் கையாளுகின்றன. ஆயினும் இழுபறி அடியோடு போய்விடவில்லை. வெகுநாள் உழைப்பதையே பெருமையாகச் சொல்லி விற்கப்படும் டயர், வேறு எங்கோ எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறது. பெரும்பாலும் அது மழையில் நிற்கும் திறன்.

மழை என்றால் என்னவென்று புனேக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை லோணாவளா, கண்டாளாப் பக்கம் போய் வருகிறவர்கள் அறிவார்கள். சாலையில் நீர் தேங்கியிருக்கும்போது டயரின் பள்ளங்கள் விநாடிக்குப் பல லிட்டர் நீரை வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாதபோது டயர் தண்ணீரின் மேல் ஏறிவிடும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகும். பிரேக் மிதித்தும் பயனிருக்காது. புது டயரில் பள்ளம் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும். சட்டப்படி காருக்கு 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், பள்ளத்தின் அடியில் தெரியும் சிறு மேடு அந்த எல்லையைக் காட்டுவதற்குத்தான். வெயில் காலத்துக்கு அது சரி. நம் ஊர் மழைக்கு 3 மி.மீ.யிலேயே மாற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி. "இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும்" என்று சொல்கிறோமே, தாங்குமா என்று தெரியவருவது அந்த மழைக்காலத்தில்தான்.

காசு விஷயத்தையும் பேசிவிடுவோம். சுமாரான டயருக்கும் ஈரத்தில் நன்றாக நிற்கும் டயருக்கும் நான்குக்குமாகச் சேர்த்து 8,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45,000 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 18 காசு. போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

எந்தக் கம்பெனி என்று கேட்பீர்கள். எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகப் பிறந்தது. ஊர்ப் பாசத்தில் அதைத்தான் போடுவேன் என்பவர்கள் நம்மில் உண்டு. பாசம் இருக்கட்டும். ஆனால் எம்.ஆர்.எஃப்., அப்போலோ, மிஷ்லின், பிரிட்ஜ்ஸ்டோன், காண்டினென்டல், யோகோஹாமா என்று எந்தப் பெயரை எடுத்தாலும் ஒரே அளவில் இரண்டு மூன்று ரகம் செய்கிறார்கள். ஒன்று சிக்கனத்துக்கு, ஒன்று சொகுசுக்கு, ஒன்று பிடிக்கு. கம்பெனியைச் சொல்லாமல் ரகத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஈரப் பிடி, உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு, சத்தம் ஆகிய மூன்றுக்கும் அரசு 2022-ல் குறைந்தபட்ச அளவுகளை விதித்தது நல்ல காரியம். அந்த அளவைத் தாண்டிய டயர்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அடுத்தது அளவு. மேற்சொன்ன வண்டிகளில் பலவற்றின் டயரில் 205/55 ஆர் 16 91 வி என்றிருக்கும். 205 மி.மீ. அகலம், அதில் 55 சதவீதம் பக்க உயரம், 16 அங்குல ரிம். இதுவரை எல்லோரும் பார்க்கிறார்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை ஈடுகொடுக்கும். இந்தக் கடைசி இரண்டில்தான் ஏமாறுகிறோம். வி இல்லையென்றால் 190-க்கான டி போடலாம், விலை குறைவு, நீங்கள் எங்கே 240-ல் போகப் போகிறீர்கள் என்று கடைக்காரர் சிரிப்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்வதல்ல. டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் சொல்கிறது. சோதனைக்கூடத்தில் புது டயரை, சரியான காற்றோடு ஓட்டிப் போட்ட எழுத்து அது. மே மாத மதியம், சித்ரதுர்கா பக்கம், ஐந்து பேரும் டிக்கி நிறையப் பெட்டிகளும், நான்கு பவுண்டு குறைந்த காற்றுமாக நாம் ஓட்டும்போது அந்த மிச்சம் முழுவதும் தேவைப்படும். வண்டி செய்தவர் போட்ட எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதற்கு நேர்மாறான ஆசை. 17 அங்குல அலாய், 225/45. கணக்குப்படி சக்கரத்தின் மொத்த உயரம் அநேகமாக மாறாது, 632 மி.மீ.க்கு 634. ஆனால் பக்கச் சுவர் 113-லிருந்து 101 மி.மீ.யாகக் குறைகிறது. நம் சாலைப் பள்ளங்களில் அந்த 12 மி.மீ.தான் ரிம்மைக் காப்பாற்றுகிறது. அகலம் கூடினால் தேங்கிய நீரில் மிதப்பதும் சுலபம். பார்வைக்கு அழகுதான், மறுக்கவில்லை. பையன் சொந்தச் சம்பளத்தில் ரிம் வளைவதற்கும் சேர்த்து எடுத்துவைக்கட்டும்.

நிற்க. பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வு பெற்றபின் பல அன்பர்களின் கார் கோயில், காய்கறி மார்க்கெட், சங்கம் என்று வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. பட்டன் புதிதுபோல் இருக்கும். ஆனால் ரப்பர் வயதாலும் கெடும். வெயிலில் நிற்கும் வண்டியில் இன்னும் சீக்கிரம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருப்பார்கள். 1824 என்றால் 2024-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். பத்து வருடமானால் எப்படியிருந்தாலும் தூக்கிப்போடச் சொல்கிறார்கள். நம் வெயிலுக்கு ஆறு போதும் என்பேன். புதிதாக வாங்கும்போதும் இந்த இலக்கத்தை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே பாருங்கள். ஏற்றியபின் தகராறு செய்து பயனில்லை. அதிகம் விற்காத அளவுகள் கடையிலேயே ஒன்றிரண்டு வருடம் தூங்கியிருக்கும். டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அதற்கு வண்டியின் வயது. சில வண்டிகளில் அது சிறிய அளவு, 80 கி.மீ. வேகத்துக்கு மேல் கூடாது என்று ஒட்டியிருக்கும்.

நான்கையும் மாற்ற இயலாமல் இரண்டு மட்டும் வாங்கினால், புதியதைப் பின்னால் போடுங்கள். எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன் சக்கரம், பிறகென்ன பின்னால் என்று வாதாடாதவர்களை நான் பார்த்ததில்லை. முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும். அதை மீட்க நம்மில் எத்தனை பேருக்குக் கைப்பழக்கம் இருக்கிறது?

கடைசியாக, ஊர்ப் பயணம். கோடை விடுமுறைக்கு கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாகக் கிளம்பும் குடும்பங்கள் நம்மில் பல. நெடுஞ்சாலையில் சூட்டில் காற்று விரிந்து டயர் வெடிக்கும் என்று பயந்து, கிளம்புமுன் நாலைந்து பவுண்டு இறக்கிவிடுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். இது நேர் தலைகீழ். சூட்டில் காற்று விரியும் என்பது தெரிந்துதான் வண்டி செய்தவர் ஆறிய டயருக்கான அளவைக் குறித்திருக்கிறார். காற்றை இறக்கினால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் மடங்கி நிமிரும். அந்த மடிப்பில்தான் உண்மையான சூடு பிறக்கிறது. கான்கிரீட் சாலையைப் பழிக்கிறோம். குறைந்த காற்றும் கூடிய பாரமும் வயதான ரப்பரும்தான் அதிகம் வெடிக்க வைக்கின்றன. ஓட்டுநர் கதவோரத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியுள்ள சீட்டில், முழுப் பாரத்துக்கென்று தனி அளவு இருக்கும். பின் சக்கரத்துக்குச் சற்று அதிகமாகவே காட்டும். அதைப் பிடியுங்கள். நைட்ரஜன் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். சரி பார்ப்பது காலையில், வீட்டுக்கு அருகிலுள்ள பங்கில், டயர் சூடேறுமுன்.

புது டயரின் மேல்தோல் முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு முழுப் பிடி கொடுக்காது. ஆகவே மே மாதம் கிளம்புகிறவர்கள் ஏப்ரல் கடைசியில் அவசரமாக மாட்டாமல், முதல் வாரத்திலேயே கடைக்குப் போவது நல்லது. நான்கு இலக்கத்தைப் பார்த்துப் பிடிக்காவிட்டால், வேறு தேதி டயர் வரவழைத்துக் கொடுங்கள் என்று கேட்கவும் அப்போது நாள் இருக்கும்.