வாசனைப் பொருளும் வாணிப நாணயமும்

பூவோடு சேர்ந்து நாரும் மணக்கும் என்பது பழமொழி. பூவே இல்லாமல் நார் மணக்கும் காலமும் இப்போது வந்துவிட்டது. அது தவறென்று நாம் கூற வரவில்லை. மணக்கும் நாரைப் பூவென்று சொல்லி விற்கலாமா என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் கேள்வி.

பாவு ஓட்ட இயலாத மழை மாதங்களில் நெசவாளர் குடும்பங்கள் பல சோப்பும் மெழுகுவத்தியும் வீட்டிலேயே செய்து விற்கத் தொடங்கியுள்ளன. விவசாயக் குடும்பத்துப் பெண்கள் சுய உதவிக் குழுக்களாகச் சேர்ந்து அத்தரும் செய்கின்றனர். சிறு முதலில் நடக்கக்கூடிய இத்தொழில்களை நாம் மனமார வரவேற்கிறோம். தறி ஓயும் நாளில் அடுப்பு எரிய இவை உதவுகின்றன. ஆயினும், இத்தொழில்களில் சேர்க்கப்படும் வாசனை எண்ணெயைப் பற்றிச் சங்கங்கள் இன்னும் போதிய கவனம் செலுத்தவில்லை என்பதைத் தெரிவிக்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

அண்மையில் ஒரு சங்கத்தின் இருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தோம். விற்பனை அலமாரியில் அழகிய காகித உறையிட்ட சோப்புக் கட்டிகள் இருந்தன. உறையின் மீது, ‘தூய மல்லிகை எண்ணெயால் ஆனது’ என்று அச்சிட்டிருந்தது. கொள்முதல் பதிவேட்டைப் புரட்டினோம். ‘மல்லிகை ஆயில் 1 லிட்டர், ரூ.1,800’ என்று ஒரு வரி இருந்தது. குப்பியைக் கொண்டுவரச் செய்து பார்த்தோம். அதில் செய்தவர் பெயரில்லை; தேதியில்லை; உள்ளடக்கம் இன்னதென்ற குறிப்புமில்லை. ஒரு குழந்தைக்கு அந்தச் சோப்பினால் உடலில் தடிப்பு ஏற்பட்டதென்று வாங்கிச் சென்ற தாய் ஒருவர் வந்து முறையிட்டிருந்தார். உண்மையில் தடிப்புக்குச் சோப்புதான் காரணமா என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை. அதில் என்ன இருந்தது என்பதே ஒருவருக்கும் தெரியாதபோது எதைச் சொல்வது?

அந்த ஒரு வரிக் கணக்கை நாம் சற்று விரித்துப் பார்ப்போம். மல்லிகை மென்மையான பூ. கொதிநீராவியில் வடித்தால் அதன் மணம் கெட்டுவிடும். ஆகையால் ஹெக்ஸேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போன்ற ஒரு பொருளாக மணத்தைப் பிரித்தெடுக்கின்றனர். தொழிலில் அதனைக் ‘கான்கிரீட்’ என்பார்கள். கோவை, சத்தியமங்கலம் பகுதிகளில் இதற்கான ஆலைகள் உள்ளன. ஆயிரம் கிலோ பூவிலிருந்து கிடைக்கும் கான்கிரீட் இரண்டு அல்லது மூன்று கிலோதான். அதனைச் சாராயத்தில் கரைத்து மெழுகை நீக்கினால் கிடைக்கும் ‘அப்ஸொல்யூட்’ ஏறத்தாழ அதிற் பாதி. பூ கிலோ ஒன்றுக்கு ரூ.200 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோவுக்கு 2 லட்சம் ரூபாய் ஆகிறது. மூன்று கிலோ கிடைத்ததாகக் கொண்டாலும், ஒரு கிலோ கான்கிரீட்டுக்குப் பூ விலை மட்டுமே 66,000 ரூபாய்க்கு மேல். கரைப்பான், எரிபொருள், கூலி யாவும் இதற்கு மேற்பட்டவை. அப்படியானால் 1,800 ரூபாய்க் குப்பியில் இருந்தது என்ன?

கடைக்காரர்கள் ‘பிராக்ரன்ஸ் ஆயில்’ என்று கூறும் கலவை வாசனை எண்ணெயே அது. ஆய்வுக் கூடத்தில் செய்யப்பட்ட மணப்பொருள்கள் பலவற்றையும், சிற்சில சமயம் இயற்கைத் தைலங்களையும் அளவறிந்து கலந்து ஆக்கப்படுவது. இதனை இழிவான பொருளென்று நாம் கருதவில்லை. 1868இல் கூமரினையும் 1874இல் வெனிலினையும் இரசாயன அறிஞர்கள் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். அன்று முதல் உலகின் பெரும் வாசனைத் தொழில் முழுவதும் இத்தகைய பொருள்களையும் சேர்த்தே வளர்ந்து வந்திருக்கிறது. செல்வந்தர் மட்டுமே நுகர்ந்த மணத்தை எளியவர் வீட்டுக்கும் கொண்டுவந்தது இக்கலவை எண்ணெய்தான்.

‘இயற்கையானது கெடுதல் செய்யாது’ என்ற எண்ணமும் தவறானதே. இலவங்கப்பட்டைத் தைலம் பலருடைய தோலில் எரிச்சலை உண்டாக்கும். பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தோல் எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் கருத்துப் புண்ணாவதும் உண்டு. ஆகவே இயற்கை, செயற்கை என்ற பிரிவை வைத்து நன்மை தீமையை முடிவு கட்ட முடியாது. எது, எவ்வளவு, எதற்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? உறையின் மீது அச்சிட்ட சொல்லிலேதான் இருக்கிறது.

விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறிச் சேலை என்று கூறி விற்பவர்களைப் பற்றி இந்த ஏட்டில் நம் நெசவாள அன்பர்கள் எத்தனை முறை மனம் நொந்து எழுதியிருக்கிறார்கள்! அந்த வஞ்சனையைத் தடுக்கவே 1985இல் கைத்தறிக்கெனச் சில துணி வகைகளை ஒதுக்கிச் சட்டம் செய்யப்பட்டது. 2006இல் கைத்தறி முத்திரை ஏற்பட்டது. விசைத்தறித் துணி உடுத்தத் தகாதது என்பதல்ல நமது வாதம். அது தன் பெயரிலேயே விற்கப்படட்டும் என்பதுதான். நெசவாளரின் இந்த நியாயத்தை நாம் ஒப்புக்கொள்வோமானால், அதே நெசவாளர் குடும்பம் செய்யும் சோப்பில் கலவை எண்ணெயைச் சேர்த்துவிட்டு மல்லிகை எண்ணெய் என்று அச்சிடுவதை எந்த முகத்தோடு ஒப்புக்கொள்ள முடியும்? அங்கே நாம் வாதி. இங்கே நாமே பிரதிவாதி.

இதனால் நேரே நட்டமடைபவர் நம் அங்கத்தினரான பூ விவசாயியே. விடியுமுன் எழுந்து மொட்டுப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார். வரத்து மிகுந்த நாளில் பறிப்புக் கூலிக்கும் விலை கட்டுவதில்லை. அவருடைய பூவின் பெயர் ஆயிரக்கணக்கான சோப்பு உறைகளில் அச்சாகிறது. அவருக்கோ ஒரு காசும் சேர்வதில்லை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பெயருக்கும் உழைப்புக்கும் உள்ள உறவைக் காப்பாற்றவே அத்தகைய குறியீடுகள் ஏற்பட்டன. வெளியார் அப்பெயரைக் களவாடாமல் காப்பதற்கு முன், நாம் அதனை மலிவாக்காமல் இருக்க வேண்டாமா?

சட்டமும் இதைப் பொறுப்பதில்லை. உடலில் தேய்க்கும் சோப்பும் பூசும் அத்தரும் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தில் அடங்கியவை. விற்பனைக்காக அவற்றைச் செய்ய உரிமம் பெற வேண்டும். உறையிலே பொய்யான வாசகம் இருப்பின் அது குற்றமாகும். வீட்டுத் தொழில்தானே என்று இதனை அலட்சியம் செய்யலாகாது.

இனி, அளவைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற வேண்டும். 1973இல் அமைந்த சர்வதேச வாசனைப் பொருள் சங்கம், மணப்பொருள்களுக்கு உச்ச அளவுகளை விதித்து வருகிறது. அலம்பிவிடும் சோப்புக்கு ஓர் அளவு. தோலிலேயே தங்கும் அத்தருக்கு ஓர் அளவு. எரிக்கும் மெழுகுவத்திக்கு வேறோர் அளவு. நாணயமான வியாபாரி ஒவ்வொரு எண்ணெய்க்கும் இவ்வளவுகளைக் காட்டும் சான்றிதழைக் கேட்டவுடன் தருவார். தர மறுப்பவரிடம் வாங்கலாகாது. இது வீண் சடங்கன்று. பல வாசனைக் கலவைகளில் தாராளமாகச் சேர்க்கப்பட்டு வந்த ‘லிலியால்’ என்ற மணப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் தேதியிலிருந்து அழகுசாதனப் பொருள்களில் அடியோடு தடை செய்துவிட்டது. பெயரும் தேதியும் இல்லாத குப்பியில் அது இருக்கிறதா இல்லையா என்பதை யார் அறிவார்?

சோப்பு செய்வோர், எண்ணெய் ஒரு கிலோவுக்கு வாசனை எண்ணெய் 30 கிராம் என்பதைப் பொதுவான அளவாகக் கொள்ளலாம். சான்றிதழ் அதற்குக் குறைவாகக் கூறினால் அதுவே அளவு. கரண்டியாலும் சொட்டாலும் அளக்காமல் தராசில் நிறுக்க வேண்டும். கிராம்பு மணமுள்ள எண்ணெய் சோப்புக் கலவையைச் சட்டென்று இறுகச் செய்துவிடும். வெனிலின் கலந்தது வெள்ளைச் சோப்பைப் பழுப்பாக்கிவிடும். ஆகையால் முதலில் ஒரு சிறு அச்சில் வார்த்துப் பார்ப்பதே சிக்கனம். மெழுகுவத்திக்குப் பொதுவாக மெழுகு ஒரு கிலோவுக்கு 60 முதல் 100 கிராம் வரை போதும். ‘இன்னும் மணக்கட்டும்’ என்று மேலும் ஊற்றினால் எண்ணெய் கசியும், திரி புகையும், சுடர் அளவு மீறி எரியவும் கூடும். அத்தர் உடலில் நெடுநேரம் தங்குவதால் அதற்கே மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கைக்குழந்தைகளுக்கென்று செய்யும் சோப்பில் வாசனையே வேண்டாம் என்பது நமது கருத்து.

‘பெரிய கம்பெனிகள் செய்யாததையா நாங்கள் செய்துவிட்டோம்?’ என்று சில சங்கக் காரியதரிசிகள் கேட்கின்றனர். பெரிய கம்பெனியின் உறையை உற்றுப் பாருங்கள். பூப்படம் பெரிதாக இருக்கும். பொருள்களின் பட்டியலிலோ ‘வாசனை’ என்ற ஒரே சொல்தான் பெரும்பாலும் இருக்கும். தூய மல்லிகை எண்ணெய் என்று அவர்களே துணிந்து எழுதாதபோது நாம் எழுதுவானேன்? ‘உண்மையை எழுதினால் விற்குமா?’ என்பது இரண்டாவது கேள்வி. இதனை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. முதல் இரண்டொரு மாதம் விற்பனை குறையவும் கூடும். ஆனால் விளம்பரத்துக்குப் பணமில்லாத நமக்கு, ‘சங்கத்துச் சரக்கு, ஏமாற்று இராது’ என்ற நம்பிக்கை ஒன்றே முதல். அதனைச் செலவழித்துவிட்டால் எந்த வங்கியும் அதனை மீண்டும் கடனாகத் தராது.

ஆகவே சங்கங்கள் உடனே செய்யத்தக்கவை சில உண்டு. வாசனை எண்ணெய்க்குத் தனிப் பதிவேடு வைத்து, விற்றவர் பெயர், தேதி, தொகுதி எண், சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கட்டும். ஒவ்வொரு வார்ப்புக்கும் எண்ணிட்டு, எந்தக் குப்பியிலிருந்து எத்தனை கிராம் சேர்த்தோம் என்று எழுதட்டும். முறையீடு வந்தால் ஐந்து நிமிடத்தில் விடை கூறலாம். கலவை எண்ணெய் சேர்த்த பொருளில் ‘மல்லிகை மணம், கலவை வாசனை எண்ணெய் சேர்ந்தது’ என்று தெளிவாக அச்சிடட்டும். ‘எண்ணெய்’, ‘சாறு’, ‘தூய’ என்னும் சொற்கள், அவை உண்மையாக இருக்கும் இடத்தில் மட்டும் வரட்டும்.

அப்படி உண்மையாக இருக்கும் இடங்களும் நம் நாட்டில் உண்டு. கடலூர் மாவட்டத்துக் கடலோர மணற்பாங்கான நிலங்களில் வெட்டிவேர் பயிராகிறது. அதன் தைலம் எளிதில் ஆவியாகாமல் சோப்பில் நின்று மணக்கும். நீலகிரியில் தைல இலை வடிக்கும் சிறு கொப்பரைகள் உள்ளன. சோப்பு செய்யும் சங்கம் ஒன்றும் வேர் பயிரிடுவோர் சங்கம் ஒன்றும் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒரே ஒரு சரக்கையேனும் உண்மையான தைலத்தால் செய்து, உரிய விலையைத் துணிந்து சொல்லி விற்றுப் பார்க்கட்டும். பத்துச் சரக்கு கலவை எண்ணெயால் ஆனதென்று ஒளிக்காமல் சொல்லும் சங்கம், பதினோராவது சரக்கை ‘இது வேரிலிருந்து வடித்தது’ என்று சொன்னால் மக்கள் நம்புவார்கள்.

நாம் பார்த்த அந்தச் சங்கத்தில், எஞ்சியிருந்த உறைகளின் மீது புதிய வாசகம் ஒட்டுவதென்று நிர்வாகக் குழு தீர்மானம் எழுதியிருக்கிறது. ஒட்டுக் காகிதச் செலவு சிறிது ஆகும். அச்செலவைத் தணிக்கையில் நாம் ஆட்சேபிக்கப் போவதில்லை.