பள்ளிக்கான கொடையும் பங்கீட்டு நெறியும்

அரசுப் பள்ளிகளுக்காகத் தனியாரிடம் நிதி திரட்டும் அறக்கட்டளைகளைப் பற்றிய விவாதங்களில் எவ்வளவு தொகை திரண்டது என்பதே பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால், திரண்ட தொகை எந்த விதியின்படி எந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்கிறது என்பதே அவற்றின் தகுதியை அளக்கும் உண்மையான அளவுகோல் என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில வரலாறு காட்டுகிறது.

அங்கே பொதுப் பள்ளிகளை நடத்துபவை ‘பள்ளி மாவட்டம்’ எனப்படும் உள்ளூர் நிர்வாக அமைப்புகள். அவை அந்தந்தப் பகுதியின் சொத்து வரியைப் பெரிதும் நம்பியிருந்ததால், நிலமும் வீடும் விலை மிகுந்த ஊர்களின் பள்ளிகளே செழித்தன. 1968-69ஆம் ஆண்டில், பால்ட்வின் பார்க் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 5.48 டாலர் பள்ளி வரி செலுத்தியும் மாணவர் ஒருவருக்கு ஏறத்தாழ 577 டாலர்தான் செலவிட முடிந்தது. செல்வர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸிலோ 2.38 டாலர் வரியிலேயே 1,232 டாலர் செலவிட முடிந்தது. பிள்ளையின் கல்வியை ஊரின் செல்வத்தோடு பிணைக்கும் இம்முறை சமத்துவத்துக்கு முரணானது என்று ‘செரானோ எதிர் பிரீஸ்ட்’ வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1971இல் கூறியதைத் தொடர்ந்து, மாவட்டங்களின் வருவாயைச் சமப்படுத்த மாநில அரசு வரம்பு விதித்தது. 1978இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய ‘முன்மொழிவு 13’, சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் அடக்கியது.

வரி வழி இவ்வாறு அடைபட்டபின், தம் ஊர்ப் பள்ளிக்குக் கூடுதலாகச் செலவிட விரும்பிய வசதியான பெற்றோர் அறக்கட்டளைகளை நிறுவினர். மாநிலத்தின் மொத்தக் கல்விச் செலவில் இக்கொடைகள் சிறு பங்கே என்றாலும், இசை ஆசிரியரையும் நூலகரையும் ஒரு பள்ளி பெறுவதா இழப்பதா என்பதைத் தீர்மானிக்க அச்சிறு பங்கே போதும். மேலும், இக்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டு. அதாவது, கொடையின் ஒரு பகுதியை அரசு தான் இழக்கும் வரியின் வடிவில் ஏற்கிறது. பொதுப்பணமும் கலந்திருப்பதால், அதன் பங்கீட்டில் நியாயம் கேட்கும் உரிமை அனைவருக்கும் உண்டு.

இந்நியாயத்தைத் தேடிய முயற்சிகளும் உள்ளன. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில், ஒரு பள்ளியின் அறக்கட்டளை திரட்டும் முதல் 10,000 டாலருக்கு மேற்பட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் பொது நிதியில் சேர்த்து, தேவை மிகுந்த பள்ளிகளுக்கு வழங்கும் விதி நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. சான்டா மோனிகா-மாலிபு பள்ளி மாவட்டம், பணியாளர்களுக்கான நன்கொடையை மாவட்டம் முழுமைக்கும் பொதுவாகத் திரட்டிப் பகிர 2011இல் முடிவெடுத்தபோது மாலிபு பெற்றோர் பலர் எதிர்த்தனர். தம் பிள்ளை படிக்கும் பள்ளிக்கென்றால் தாராளமாகக் கொடுப்பவர்கள் பொது நிதிக்குத் தயங்குவார்கள் என்ற அவர்களின் வாதத்தில் உண்மை உண்டு. எனினும், அது பகிர்வின் விகிதத்தைக் கவனமாக வகுப்பதற்கான காரணமே அன்றிப் பகிர்வையே கைவிடுவதற்கான காரணம் ஆகாது.

தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்துக்கும் இப்பாடம் பொருந்தும். முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிக்கு உதவ முன்வருவது போற்றத்தக்கது. ஆனால், வெளிநாட்டில் பணிபுரியும் முன்னாள் மாணவர்களோ அருகில் தொழிற்சாலையோ இல்லாத மலைக் கிராமத்துப் பள்ளிக்கும் பங்கு கிடைக்க வேண்டுமானால், ஒவ்வொரு பெருங்கொடையிலும் ஒரு பகுதி பொது நிதிக்குச் செல்வதும், பள்ளிவாரியான வரவு வெளியிடப்படுவதும் விதியாக வேண்டும். ஆசிரியர் ஊதியமும் வகுப்பறையும் குடிநீரும் கழிப்பறையும் எந்நாளும் அரசின் கடமையாகவே நீடிக்க வேண்டும்; அக்கடமை முழுமையாக நிறைவேறும் இடத்தில்தான் கொடை, கல்விக்குக் கூடுதல் வலிமையாக அமையும்.