64 பக்கம் போதும்



சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு பிள்ளைகளோடு நாங்கள் நடத்தும் கதை விளையாட்டு "உண்மையான டன்ஜன்ஸ் அன்ட் ட்ரகன்ஸ் இல்லை" என்று ஊரில் சில தம்பிமார் சொல்லித் திரிகிறார்கள். ஐந்தாம் பதிப்பின் தடித்த புத்தகங்களை வைத்து முழு விதிகளோடும் ஆட வேண்டுமாம். கொமென்டில் பதில் எழுதி அலுத்துவிட்டது. ஒரே பதிவாக எழுதி விடுகிறோம்.

தெரியாதவர்களுக்கு: நடுவர் ஓர் இடத்தை வர்ணிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடிவு சந்தேகமானால் இலக்கம் போட்டுப் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

1974இல் கேரி கைகக்ஸும் டேவ் ஆர்னெசனும் இதை வெளியிட்டபோது பெட்டிக்குள் இருந்தவை மூன்று சிறு கைந்நூல்கள். அவை தெளிவாக எழுதப்பட்டவை என்று வாதாட நாங்கள் வரவில்லை, வாசித்தால் தலை சுற்றும். 1981இல் டொம் மோல்ட்வே சீர்செய்த ஆரம்பப் பதிப்புத்தான் எங்கள் மேசையில் இருப்பது. 64 பக்கம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ ஆடுபவருக்கான நூல் மட்டும் 320 பக்கம். நடுவருக்கு ஒன்று, அரக்கர்களுக்கு ஒன்று என இன்னும் இரண்டு. இலவசச் சுருக்கம் இருக்கிறதே என்பீர்கள். அதுவும் நூறு பக்கத்தைத் தாண்டும், அதுவும் ஆங்கிலம். தரம் 8 பிள்ளையின் கையில் அதைக் கொடுத்தால், ஆங்கில டியூஷன் போகிற பிள்ளை ஆடும், போகாத பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால் பக்கக் கணக்கு மட்டுமல்ல பிரச்சினை. தொடக்க நூல்களில் பொறியைக் கண்டுபிடிக்கத் திறமைப் பட்டியல் என்று ஒன்று இல்லை. நீண்ட கோலால் தரையைத் தட்ட வேண்டும், தண்ணீர் ஊற்றி அது எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 1975இல் வந்த கிரேஹோக் இணைப்பு நூலில் திருடன் பாத்திரமும் அவனுக்கான சதவீத அட்டவணையும் வந்தன. ஐந்தாம் பதிப்பில் 18 திறமைகள் பட்டியலாகவே இருக்கின்றன. பட்டியல் கையில் இருக்கும் பிள்ளை அறையைப் பார்க்காது, தாளைப் பார்க்கும். "இலக்கம் போடவா சேர்?" என்று கேட்கும். பாடத்தை விட்டுவிட்டுப் புள்ளித் திட்டத்தைத் தேடும் மாணவரை வகுப்பில் தினமும் பார்க்கிறோம். மாலையிலுமா?

எங்கள் மேசையில், கடைசி வாங்கில் இருந்து வாய் திறக்காத ஒரு பிள்ளை, கண்ணுக்குத் தெரியாத எதிரியைப் பிடிக்கத் தரையெல்லாம் மாவைத் தூவினாள். கால்தடம் விழுந்தது. அவளுடைய தாளில் அதற்கென்று எந்தத் திறமையும் எழுதியிருக்கவில்லை.

இன்னொன்று. 1981 பதிப்பில் அனுபவப் புள்ளியில் பெரும்பகுதி மீட்டுக் கொண்டுவரும் பொருளுக்குத்தான், கொல்வதற்குக் கிடைப்பது சொற்பம். எதிரில் வருவது சண்டைக்கு வருகிறதா பேச வருகிறதா என்பதற்கும் இலக்கம் போட வேண்டும். ஆகவே பிள்ளைகள் பேசுகிறார்கள், பேரம் பேசுகிறார்கள், தேவையானால் ஓடுகிறார்கள். பேரம் பேச எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

எதிர்த்தரப்பின் ஒரு வாதம் கனமானது: விதி குறைந்தால் நடுவர் வைத்ததே சட்டம், ஆசிரியர் தன் செல்லப் பிள்ளைக்குச் சாய்வார். உண்மைதான், அந்த ஆபத்து இருக்கிறது. இந்த வழக்கு எங்களோடு தொடங்கியதும் அல்ல. பிரஷ்ய இராணுவத்தில் ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டு விதிகள் பாரமாகிப் போனதால், 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி விதிகளைக் கழற்றிவிட்டுத் தீர்ப்பை நடுவரின் அனுபவத்திடம் விட்டார். அவர்களின் நடுவர்கள் போர் தெரிந்தவர்கள். நாங்கள் சோக்குக் கட்டி பிடித்தவர்கள்தானே. அதனால் தீர்ப்பை மனதில் வைத்துக்கொள்வதில்லை. எத்தனை வந்தால் வெற்றி என்பதை முதலில் சொல்கிறோம். இலக்கத்தைப் பிள்ளையே எல்லோர் முன்னும் எடுக்கிறது. தீர்ப்பை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறோம், அடுத்த முறை யாருக்கும் அதே தீர்ப்பு. கொப்பி இப்போது 11 பக்கம். 320ஐ எட்ட நாளாகும்.

தாயக்கட்டை என்றதும் சில பெற்றோருக்கு மனம் ஒப்பவில்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. தகரப் பேணியில் இலக்கமிட்ட கடதாசித் துண்டுகளைப் போட்டு எடுக்கிறோம். பந்தயமும் இல்லை, பணமும் இல்லை. இதைப் பார்த்துச் சிரித்த தம்பிமாருக்கு ஒரு தகவல்: 1979 அளவில் பன்முகக் கட்டைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, விளையாட்டை வெளியிட்ட கம்பனியே பெட்டிக்குள் இலக்கமிட்ட அட்டைத் துண்டுகளைப் போட்டுத்தான் விற்றது.

பெரிய புத்தகத்தில் ஆட விரும்புகிறவர்கள் தாராளமாக ஆடுங்கள். ஆனால் எங்கள் பிள்ளைகளிடம் வந்து "நீங்கள் ஆடுவது சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று சொல்வதை நிறுத்துங்கள். அதைக் கேட்டுக் கடந்த மாதம் மூன்று பேர் வராமல் நின்றுவிட்டார்கள். அந்த மூவரின் பாத்திரங்களும் இன்னும் கிணற்றடியில் கயிற்றைப் பிடித்தபடி நிற்கின்றன. அந்த இடங்களை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று அவர்களின் வாப்பா, உம்மாவிடம் யாராவது சொல்லிவிடுங்கள்.