அடங்குவதும் அடக்குவதும்

பெங்களூரு மென்பொருள் வட்டாரங்களில் 'குவையெஸ்' என்னும் ஆங்கில வினை தயக்கமின்றிப் புழங்குகிறது. தரவுத்தளத்தில் நடந்துகொண்டிருக்கும் பணிகளை முடியவிட்டு, புதியவற்றை நிறுத்திவைத்து, அதை அசைவற்ற நிலைக்குக் கொண்டுவருதலை அது குறிக்கும். ஆரக்கிள், டிபி2 ஆகியவற்றில் இப்பெயரிலேயே கட்டளைகள் உண்டு. இத்தகைய நுட்பத்தைச் சொல்லத் தமிழில் வினை இல்லை என்பது கற்றோரிடையே உலவும் வசதியான நம்பிக்கை. அது பிழை.

'செயலிழக்கச் செய்' என்று மொழிபெயர்த்துவிட்டு, பொருந்தவில்லை எனத் தமிழைக் குறைகூறுவது முறையன்று. செயலிழத்தல் வேறு, அடங்குதல் வேறு. பொங்கிய பால் அடங்கும்போது பால் அழிவதில்லை. பொங்குதல் மட்டுமே நிற்கிறது. மீண்டும் பொங்கும் ஆற்றலும் அதனிடம் எஞ்சியிருக்கிறது. தரவுத்தளத்துக்கு நேர்வதும் இதுவே.

லத்தீனிலிருந்து வந்த அந்த ஆங்கில வினை அடிப்படையில் தன்வினை. எபிரேய இலக்கணம் எழுதியோர், ஒலிக்காது நிற்கும் எழுத்தைக் குறிக்க அதை ஆண்டனர். கணினித்துறை அதே வடிவத்தைப் பிறவினையாகவும் ஆக்கிக்கொண்டது. தானே ஓய்ந்ததா, ஓயவைக்கப்பட்டதா என்பதை அங்கே வினைவடிவம் காட்டாது. தமிழோ அதை வினையடியிலேயே காட்டிவிடும்: அடங்கு, அடக்கு, ஒடுங்கு, ஒடுக்கு. ஒரு மெல்லினம் வல்லினமானால் செய்தவன் வெளிப்பட்டுவிடுகிறான்.

இவ்வளவு கூர்மையான கருவியைத் தமிழர் எப்படிக் கையாள்கின்றனர் என்பதே உண்மையான கேள்வி. இரவில் ஊர் தானாக அடங்கும் வேளையை நினைவூட்டும் 'ஊரடங்கு' என்ற சொல், அரசாணையின் பெயராகிவிட்டது. 2016 செப்டம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, பெங்களூரின் பல காவல் நிலைய எல்லைகளில் பிறப்பிக்கப்பட்டது ஊரடங்கு. 2020 மார்ச்சில் நாடெங்கும் வந்ததையும் தமிழ் ஏடுகள் ஊரடங்கு என்றே எழுதின. ஊர் அடங்கவில்லை; அடக்கப்பட்டது. ஆணை தேவையானதா என்பது தனி விவாதம். ஆணையிட்டவரை வினை மறைத்துவிட்டது என்பதில் விவாதமில்லை.

வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை மாற்றச் சொல்வது வீண்வேலை. ஆனால் 'போராட்டம் அடங்கியது' என்று ஆய்வேடுகளில் எழுதுவோர் அந்த விலக்கைக் கோர முடியாது. தடியடிக்குப் பின் நின்ற போராட்டம் அடங்கியதன்று, அடக்கப்பட்டது. இல்லாத சொல்லுக்காக ஏங்குவதை விடுத்து, இருக்கும் சொல்லை நேர்மையாக ஆளுதலே மொழியாய்வாளர் முதலில் செய்யத்தக்கது.