மரத்தவளைக்கு வெப்ப விளக்கு எதற்கு?

கெமாஸ் வட்டாரத் தோட்டப்புறங்களில், மழை பெய்த இரவுகளில், குட்டை ஓரச் செடிகளில் நுரைக்கூடு கட்டி முட்டையிடும் மரத்தவளைகளைக் காணலாம். செடிகள் நட்ட கண்ணாடிப் பெட்டியில் அவற்றை வளர்க்க விரும்பும் மாணவர் சிலர், முதலில் வெப்ப விளக்கைத்தான் தேடுகின்றனர். அது வீண் செலவு மட்டுமன்று. தவளையின் உயிருக்கே ஆபத்து.

வெப்ப விளக்கைப் பரிந்துரைக்கும் நூல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கெமாசிலோ பகல் வெப்பம் 32 பாகை செல்சியசைத் தொடுவது வழக்கம். தவளை தன் தோலின் வழியாகவே நீரை உறிஞ்சுகிறது. ஓரளவு மூச்சும் விடுகிறது. மூடிய பெட்டியில் விளக்கின் சூடும் சேர்ந்தால் அத்தோல் உலர்ந்துவிடும். சன்னலோர வெயிலும் இதே கேட்டைச் செய்யும். ஆதலால், முதலில் வாங்க வேண்டியது வெப்பமானி. அது 30 பாகையைத் தாண்டினால், பெட்டியை நிழலான மூலைக்கு மாற்றி நீர் தெளிக்க வேண்டும்.

ஒளி தேவைப்படுவது பெரிதும் செடிகளுக்கே. சூடு குறைந்த எல்இடி விளக்கை வலைமூடிக்கு வெளியே பொருத்தி, நாளுக்கு 12 மணி நேரம் எரியவிட்டால் போதும். மலேசியாவின் பகலும் ஏறத்தாழ அவ்வளவுதான். அழகுக்காக விடிய விடிய விளக்கெரிப்போரும் உண்டு. இருட்டில் இரை தேடும் உயிருக்கு அவர்கள் இரவே இல்லாமல் செய்துவிடுகின்றனர்.